மாண்டிசோரி சிலிண்டர் குத்தி செட் – நாலு மாசம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

பலகைல உள்ள ஓட்டைகள்ல மர உருளைகள போட்டு பொருத்துற பிள்ளைக சாமான் இது. ரெண்டு ஸ்டார்தான். மரத்துக்கு ஒண்ணு, குமிழுக்கு ஒண்ணு. ஓட்டைக்கு ஒண்ணும் கெடையாது, இந்த சாமான்ல ஓட்டைதான் முக்கியம். நீளமா எழுதப்போறேன், அவசரத்துல வந்தவங்க கீழ போயி வாங்குனதும் என்ன சோதிக்கணும்னு எழுதிருக்கேன் அத மட்டும் பாத்துக்கிடுங்க.

எங்க வீடு அழகியமண்டபம் பக்கம். எனக்க சின்னவனுக்கு நாலு வயசு, டவுன் சிண்ட்ரோம். விரலு குட்டை, தசையும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும், ஒரு பென்சில குடுத்தா மொத்த கையால பிடிச்சு ஈட்டி மாதிரி குத்துவான். தெரபிக்கு கூட்டிட்டு போற எடத்துல டீச்சர் ஒருநாள் ஒரு மரப்பலகைய எடுத்து முன்னால வச்சாங்க, அதுல வரிசையா பத்து ஓட்டை, பத்து ஓட்டைக்கும் பத்து உருளை, ஒவ்வொண்ணுக்க தலையிலயும் ஒரு குட்டி குமிழ். அந்த ரூமுக்குள்ள கால வச்சாலே கதறுறவன், அத பாத்ததும் கப்புனு அழுகைய நிறுத்திட்டு ஒரு உருளைய உருவி எடுத்தான். எடுத்துட்டு ஓட்டைக்குள்ள கண்ண வச்சு பாத்தான், உள்ள ஏதோ போயிட்ட மாதிரி. வீட்டுக்கு வந்து துபாய்ல இருக்க அவங்க அப்பாட்ட சொன்னேன், அவரு அங்கன இருந்தே ராத்திரியோட ராத்திரியா ஆர்டர் போட்டுட்டாரு, நாலு பலகை, 40 உருளை, 3,900 ரூபா. எங்க வீட்டுல அதுக்கு பேரு குத்தி. கம்பெனி பேரு எழுதல, இதே சாமான் எத்தனையோ பேருல விக்குது, எது எங்க செஞ்சதுன்னு யாருக்கு தெரியும்.

பெட்டி வந்தப்பம் பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. ரப்பர் மரம். நம்ம ஊருல ரப்பர் மரம்னா பால் வெட்டி முடிஞ்சதும் லாரில ஏறிப் போற சாதனம், குலசேகரம் ரோட்டுல அந்த லாரிக்க பின்னாடி மாட்டிக்கிட்டு பஸ்ல நின்னுட்டே காலேஜுக்கு போன ஆளு நான், அதே மரத்த 3,900 ரூபா குடுத்து திரும்ப வாங்குவேன்னு நெனைக்கல. எங்க மாமியார் பெட்டிய பாத்துட்டு "இதுக்காக்கும் அவன் அங்க கெடந்து வெயிலு கொள்ளுகான்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுக்களைக்கு போயிட்டாங்க.

குமிழ் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, அத சொல்லணும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், இந்த மூணு வச்சுதான் பிடிக்க முடியும், மொத்த கையால பிடிச்சா வழுக்கும். பென்சில் பிடிக்கிறதுக்கும் அதே மூணு விரல்தான். பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்குடுக்கோம்னு யாரும் சொல்லல, அவன் பாட்டுக்கு குத்திய எடுத்து எடுத்து வைக்கான், கை தன்னால பழகுது. மூணாவது வாரம் சோத்துல இருந்த கறிவேப்பிலைய அதே மூணு விரலால நுள்ளி எடுத்து வெளிய போட்டான், நாங்க ரெண்டு பொம்பளையும் கை தட்டுனோம், அவன் எதுக்குன்னு தெரியாம எல்லா கறிவேப்பிலையையும் எடுத்து போட்டான்.

இனி ஓட்டை. ஒரு பலகைல உயரம் எல்லாம் ஒண்ணு, தடிமன் மட்டும் படிப்படியா கொறையும். ஒரு பலகைல தடிமன் ஒண்ணு, உயரம் மட்டும் கொறையும். இன்னொண்ணுல ரெண்டும் சேந்து கொறையும், கடைசி பலகைல ஒண்ணு கூடும்போ மத்தது கொறையும். ஒவ்வொரு குத்திக்கும் அதுக்க ஓட்டைதான் சரியா பொருந்தணும். சின்ன குத்திய தப்பா பெரிய ஓட்டைல வச்சா அப்பம் ஒண்ணும் தெரியாது, சும்மா லொடலொடன்னு நிக்கும், ஆனா கடைசில ஒரு பெரிய குத்தியும் ஒரு சின்ன ஓட்டையும் மிச்சம் நிக்கும் பாருங்க, அங்கதான் விசயமே இருக்கு. எங்கயோ தப்பிருச்சுன்னு அந்த குத்தி சொல்லும். நாம சொல்லவே கூடாது. டீச்சர் எங்கிட்ட கண்டிப்பா சொன்னாங்க, "நீங்க வாயத் தொறக்காதீங்க, கட்டை சொல்லட்டும்"னு. எனக்க மவன் காலைல எழும்புனதுல இருந்து படுக்குற வரைக்கும் அத தொடாத, அப்படி இல்ல, இங்க வா, சரியா பிடி இதத்தான் கேக்கான், கேட்டு கேட்டு எதையும் தானா தொட மாட்டேன்னு ஆயிருந்துச்சு. ஒரு மரக்கட்டை சத்தம் போடாம, மூஞ்சிய தூக்காம தப்ப சொல்லுதுன்னா அதுக்குதான் நான் காசு குடுத்தது.

எனக்கு வந்த செட்டுல தடிமன் மட்டும் மாறுற பலகைல ஆறாம் குத்தியும் ஏழாம் குத்தியும் மாத்தி மாத்தி வச்சாலும் சமாதானமா போயி உக்காருது. அப்பம் கட்டை பொய் சொல்லுதுன்னுதானே அர்த்தம். மொதல்ல எனக்கு பிடிபடல. கண்டுபிடிச்சது மாமியார்.

அவங்க 26 வருசம் அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி பேக்டரில, வேலை பாத்தவங்க. மொதல்ல தோலு உரிக்க, பெறவு தரம் பிரிக்க. முந்திரிப் பருப்புல 240, 320ன்னு சொல்லுவாங்களே, அது ஒரு ராத்தலுக்கு எத்தனை பருப்பு நிக்குங்கிற கணக்கு, நம்பர் கூடக்கூட பருப்பு சின்னது. ஒவ்வொரு பருப்பா தராசுல போட்டு பாக்க முடியாதுல்ல, கண்ணும் விரலும்தான் தராசு. அவங்க ஒருநாள் உள்ளி உரிச்சிட்டே இவன் விளையாடுறத பாத்துட்டு இருந்தவங்க, கைய சேலைல தொடச்சிட்டு வந்து ரெண்டு குத்திய உருவி உருட்டி பாத்துட்டு, "பிள்ளே, இது இஞ்ச கொள்ளப்பிடாதாக்கும். கொள்ளுகு. ஓட்டைய பெருசா போட்டுருக்கான்"னு சொன்னாங்க. நான் நம்பாம ஸ்கேல எடுத்துட்டு வந்து வச்சு பாத்தேன், ஸ்கேலுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவே இல்ல. பெறவு ஒரு நூல சுத்தி அளந்து பாத்தாத்தான் தெரியுது, ஓட்டைதான் தளர்வு. அண்டி ஆபீஸ்ல அவங்களுக்கு கெடச்ச கூலிய நெனச்சா, அந்த கம்பெனில தரம் பாக்க ஒரு ஆள் வச்சிருந்தா அந்த ஆளுக்கு என்ன குடுப்பானுவன்னு எனக்கு ஒரு யோசனை ஓடுச்சு, அது போட்டும்.

இன்னொரு குத்தம் மழை வந்தப்பம் தெரிஞ்சுது. நமக்கு ஆனி ஆடில ஒரு மழை, ஐப்பசில இன்னொரு மழை, ரெண்டும் உண்டே. ரப்பர் மரம் ஈரத்த குடிச்சு வீங்கி, மூணாம் குத்தி அதுக்க சொந்த ஓட்டைக்குள்ளயே போயி மாட்டிக்கிச்சு. இவன் குமிழ பிடிச்சு இழுக்கான் இழுக்கான் வரல, பலகையோட தூக்குறான், கோவத்துல பலகைய என் கால்ல போட்டான், நகம் கருத்துப் போச்சு. சரியா வச்சதுக்கு தண்டனை கெடச்சா எந்த பிள்ளைதான் திரும்ப வைக்கும், ரெண்டு நாளு அந்த பக்கமே போகல.

கம்பெனிக்கு மெசேஜ் போட்டேன். போட்டோ வீடியோ எல்லாம் அனுப்புனேன், ஏழு நாள் தாண்டிருச்சு ரிட்டன் கெடையாதுன்னாங்க. நான் வெவரமா, பையனுக்கு இப்படி இருக்கு, ஓட்டை சரியா இல்லன்னா அவனுக்கு பிரயோஜனம் இல்லன்னு எழுதுனேன். அதுக்கு வந்த பதில், இது நார்மல் கிட்ஸ்க்கு டிசைன் பண்ணது மேடம், ஸ்பெஷல் கிட்ஸ்க்கு நாங்க கேரண்டி குடுக்க முடியாதுன்னு. கூடவே ஒரு கும்பிடு எமோஜி.

அன்னிக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரல. இத யாரு யாருக்கு டிசைன் பண்ணதுன்னு பாத்துருவோம்னு போன எடுத்துட்டு உக்காந்தேன், டீச்சரும் கொஞ்சம் சொல்லிருந்தாங்க. ரிவ்யூல எதுக்கு இதெல்லாம்னு கேக்காதீங்க, சாமான் விக்கிறவனுக்கு தெரியல, வாங்குறவங்களாவது தெரிஞ்சு வாங்குங்க.

இந்த சாமானுக்கு பேரு வந்தது மரியா மாண்டிசோரியால. அவங்க 1870-ல இத்தாலில பொறந்தவங்க, 1896-ல ரோம்ல படிச்சு டாக்டரானாங்க. அந்த நாட்டுல மொத மொத டாக்டரான கொஞ்சம் பொம்பளைகள்ல ஒருத்தங்க (மொத ஆளே இவங்கதான்னு நெறைய எடத்துல கெடக்கு, அது சரியில்ல). படிப்பு முடிச்சு அங்க மனநல கிளினிக்ல வேலை பாக்கும்போதான் காப்பகத்துல பெரியவங்களோட போட்டு அடைச்சு வச்சிருந்த பிள்ளைகள பாக்காங்க. புத்தி வளர்ச்சி இல்லன்னு பள்ளிக்கூடம் கை கழுவுன பிள்ளைகள். அதுல ஒரு கதை சொல்லுவாங்க, அந்த பிள்ளைக சாப்பிட்டு முடிச்சதும் தரையில விழுந்து ரொட்டித் துணுக்க பொறுக்குமாம், காவலுக்கு இருந்த பொம்பள அருவருப்பா சொல்லிட்டு இருந்தாளாம், இவங்க சுத்தி பாத்தா அந்த ரூமுல கைல பிடிக்க, உருட்ட, தொட வேற ஒரு சாமானும் கெடையாது. பசி வயித்துல இல்ல, விரல்லன்னு இவங்களுக்கு பிடிகிட்டிருக்கு. நான் இத படிச்சிட்டு எழும்பி போயி உறங்கிட்டு கெடந்தவனுக்க விரல பாத்துட்டு வந்தேன்.

1898-ல தூரின் ஊருல நடந்த ஒரு கல்வி மாநாட்டுல, இந்த பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்த விட பாடம்தான்னு பேசிருக்காங்க. 1900-ல ரோம்ல இந்த மாதிரி பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுக்க டீச்சர்மார பயிற்றுவிக்கிற ஒரு பள்ளிக்கூடம் தொடங்குனப்பம், மொன்டெசானோங்கிற டாக்டரும் இவங்களும் சேந்து அத நடத்துனாங்க. பகலெல்லாம் பிள்ளைகளோட, ராத்திரி உக்காந்து குறிப்பு எழுத. இவங்களுக்கும் முன்னாடி பிரான்ஸ்ல இட்டார்னு ஒரு டாக்டர் காட்டுல கெடச்ச ஒரு பையனுக்கு பேச்சு சொல்லிக்குடுக்க வருசக்கணக்கா பாடுபட்டாரு, அவரு வழியில வந்த செகன்ங்கிறவரு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குன்னே சாமான் செஞ்சு, வழிமுறை எழுதி வச்சாரு. மாண்டிசோரி அந்த ரெண்டு பேருக்க எழுத்தையும் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் இத்தாலியன்ல கையாலயே எழுதி எடுத்தாங்களாம், அப்பத்தான் ஒவ்வொரு வார்த்தையும் மனசுல எறங்கும்னு. ஆக இந்த மாதிரி சாமான்களுக்கு வேரு அங்க கெடக்கு, எனக்க மவன மாதிரி பிள்ளைகளுக்க கையில.

எங்க டீச்சர் தினமும் செய்யுறதும் அந்த செகன் வச்சுட்டு போன மூணு படிதான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மொத படி, ரெண்டு குத்திய எடுத்து வச்சு இது பெருசு, இது சின்னது. ரெண்டாம் படி, பெருச எடு. மூணாம் படி, இது என்ன? நம்ம வீடுகள்ல நாம என்ன செய்வோம், நேரா மூணாம் படிக்கு சாடுவோம். இது என்ன, இது என்ன, சொல்லு சொல்லு, மாமாக்கு சொல்லிக் காட்டு. வாய் தொறக்காத பிள்ளைய அப்படி கேட்டு கேட்டு நானே எத்தனை கல்யாண வீட்டுல அவன கூனிக்குறுக வச்சிருக்கேன். ரெண்டாம் படிலயே மாசக்கணக்கா நின்னாலும் கொழப்பம் இல்லன்னு டீச்சர் சொன்னாங்க. இவன் மூணு மாசம் நின்னான், இப்பம் பெரிய குத்திய கைல எடுத்துட்டு "பெ"ங்கான். சின்னதுக்கு இன்னும் வார்த்தை இல்ல, கண்ண சுருக்கி காட்டுவான்.

அந்த ரோம் பிள்ளைகள்ல சிலபேரு எழுதப் படிக்க பழகி, ஊருல உள்ள மத்த பிள்ளைக எழுதுற அதே பரீட்சைய எழுதி பாஸாயிருக்காங்க. எல்லாரும் அதிசயம்னு கொண்டாடிருக்காங்க. மாண்டிசோரி யோசிச்சது தலைகீழா, எனக்க பிள்ளைக இவ்வளவு எட்டுறாங்கன்னா நல்லா இருக்க பிள்ளைகள உங்க பள்ளிக்கூடம் என்ன பண்ணி வச்சிருக்குன்னு. அங்கருந்துதான் அவங்க ரூட்டு மாறுது. 1907 ஜனவரி 6-ல ரோம்ல சான் லொரென்சோங்கிற ஏழைபாழை இருக்க எடத்துல சாதாரண பிள்ளைகளுக்கு "பிள்ளைகள் வீடு"ன்னு ஒரு பள்ளிக்கூடம் தொறந்தாங்க, அது ஒலகம் பூரா பரவிருச்சு.

இங்க எனக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைக்க மாட்டேன். எங்க பிள்ளைகள்ட்ட கண்டுபிடிச்சத எடுத்துட்டு போயி மத்த பிள்ளைகளுக்கு குடுத்து பேரு வாங்குனாங்க, சரி, நல்ல காரியம், ஆனா திரும்பி வந்த வழிய யாரும் பாக்கல. போன வருசம் நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு போனேன், பேரு வேண்டாம், வாசல்லயே அந்த அம்மாக்க படம் பெருசா மாட்டிருக்கு, உள்ள அலமாரி நெறைய இதே குத்தி, ரோஸ் கலர் கோபுரம், மணல் ஒட்டுன எழுத்து. இவன பாத்துட்டு "இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு எங்ககிட்ட ஆள் இல்லைங்க"ன்னு சொல்லி டீ குடுத்து அனுப்புனாங்க. அரசு அங்கீகாரம் உள்ள பள்ளிக்கூடம் வித்தியாசம் பாக்காம சேக்கணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துல உண்டு, அது அப்பம் எனக்கு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருப்பேனான்னு தெரியல, டீ சூடா இருந்துச்சு, இவன் படத்த பாத்து சிரிச்சிட்டு இருந்தான்.

அந்த அம்மாக்க சொந்த கதையும் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. கூட வேலை பாத்த அந்த மொன்டெசானோவுக்கும் இவங்களுக்கும் 1898-ல ஒரு ஆம்பளப்பிள்ள, மாரியோ. கல்யாணம் நடக்கல. பிள்ளைய கிராமத்துல ஒரு வீட்டுல வளக்க குடுத்துட்டாங்க, ஊருல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் உக்காந்து சொல்லிக்குடுத்தவங்க சொந்த பிள்ளைய அப்பப்பம் போயி பாத்துட்டு வந்திருக்காங்க, அவனுக்கு 15 வயசு ஆகும்போதான் கூட கூட்டிட்டு வந்தாங்க. மொதல்ல எனக்கு கோவம்தான் வந்துச்சு. பெறவு வீடியோ கால்ல அப்பாவ பாத்து போன நக்குற எனக்க மவன நெனச்சேன், யாரு யார சொல்ல.

நம்ம பக்கத்து சங்கதி ஒண்ணு. 1939-ல இவங்க மெட்ராஸ் அடையாறுக்கு வந்தாங்க, தியசாபிகல் சொசைட்டி கூப்பிட்டு, 69 வயசுல. அடுத்த வருசம் இத்தாலி சண்டையில எறங்குனதும் வெள்ளக்காரன் இவங்கள எதிரி நாட்டு ஆளுன்னு அடையாறு வளாகத்த விட்டு போகக்கூடாதுன்னுட்டான், மாரியோவ கொண்டு போயி முகாம்ல போட்டான். அந்த ஆகஸ்டுல இவங்களுக்கு 70 தெகஞ்சப்பம் மவன திருப்பி விட்டாங்க. பெறவு கொஞ்ச காலம் கொடைக்கானல்ல இருந்து, 1946-ல தான் ஐரோப்பாவுக்கு திரும்புனாங்க. கொடைக்கானலுக்கு நாங்க ஹனிமூன் போனோம், ஏரியில படகு ஓட்டி சோளம் தின்னுட்டு வந்தோம், ஒரு ஆளும் இத சொல்லல.

சரி குத்திக்கு வருவோம். காசு போனா போட்டும்னு பலகைய எடுத்துட்டு எங்க ஊரு ஆசாரி மாமாட்ட போனேன். அவரு மூக்குக் கண்ணாடிய தூக்கிட்டு ஓட்டைக்குள்ள விரல விட்டு சுத்துனாரு, "துளை போட்ட பிட்டு தேஞ்சு போயிருக்கு மக்களே, அதோட அடிச்சு விட்டுருக்கான்"னாரு. அவருட்ட பழைய அயினி மரக் கட்டில் சட்டம் கெடந்துச்சு. வள்ளம் செய்யுற மரம், எங்க தாத்தா காலத்து வயசு இருக்கும், "இது குடிக்க வேண்டிய தண்ணியெல்லாம் குடிச்சு தீத்தாச்சு, இனி வீங்காது"ன்னு சொன்னாரு. மார்த்தாண்டத்துல தெரிஞ்ச கடைசல் பட்டறையில குத்திய கடைஞ்சு வாங்கி, ஓட்டைய இவரே போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் சுருட்டுன உப்புத்தாள விட்டு தேய்ச்சு தேய்ச்சு, மாமியார் பக்கத்துல ஸ்டூல போட்டு உக்காந்து "இன்னும் ஒரு இழை, ஒரு இழை"ன்னு சொல்ல, ரெண்டு கெழடும் ஒரு மத்தியானம் முழுக்க சண்டை. அவங்க கண்ண மூடிக்கிட்டு பத்து குத்தியையும் சரியா போட்டு காட்டுனாங்க, ஆசாரி மாமா "அண்டி ஆபீஸ்காரிட்ட என்னத்த பேச"ன்னு பீடிய பத்த வச்சுட்டாரு. ஒரு பலகைக்கு 1,200 ரூபா வாங்குனாரு. வார்னிஷ் வேண்டாம்னு சொல்லி தேங்கா எண்ண தேச்சு குடுத்தாரு, இவன் வாயில வைப்பான்ல.

போன வாரம் அந்த பலகைல இவன் ஆறாம் குத்திய ஏழாம் ஓட்டைல வச்சு அமுக்குனான். போகல. திருப்பி வச்சு அமுக்குனான். என்ன ஒரு பார்வை பாத்தான், நான் சன்னல் கம்பிய எண்ணிட்டு நின்னேன். குத்திய எடுத்து அடிப்பக்கத்த பாத்தான், பக்கத்து ஓட்டைல வச்சான், சர்ர்னு எறங்கி டொக்குனு ஒரு சத்தம். அந்த டொக்கு ரப்பர் மர செட்டுல வராது, ஓட்டை லூசா இருந்தா சத்தம் வேற மாதிரி இருக்கும். அந்த சத்தத்துக்காக எடுத்து எடுத்து பன்னெண்டு தடவை வச்சான், நான் எண்ணுனேன்.

வாங்க போறவங்களுக்கு: பெட்டி வந்த அன்னிக்கே உக்காந்து, தடிமன் மாறுற பலகைகள்ல ஒவ்வொரு குத்தியையும் அதுக்கு அடுத்த சின்ன ஓட்டைல வச்சு அமுக்கி பாருங்க, ஒண்ணு போனாக்கூட திருப்பி அனுப்புங்க, ஏழு நாள் கணக்கு மறந்துராதீங்க. உயரம் மாறுற பலகைல தப்பான ஓட்டைல வச்சா குத்தி மேல துருத்தணும் இல்ல உள்ள முங்கணும், மட்டமா நின்னா பிரயோஜனம் இல்ல. வாயில வைக்கிற பிள்ளைன்னா ரொம்ப சின்ன குத்தி ரெண்ட எடுத்து ஒளிச்சு வச்சுட்டு மிச்சத்த குடுங்க, தொண்டையில போகும். நாலு பலகையும் ஒரே நாள்ல எடுத்து போட்டுராதீங்க, நான் போட்டேன், 40 குத்தியும் கட்டிலுக்கு அடியில போச்சு. பெட்டி மேல ஐக்யூ கூடும்னு எழுதிருக்கத நம்பி வாங்காதீங்க, எனக்க மவனுக்கு ஐக்யூ கூடுனதான்னு கேட்டா எனக்கு தெரியாது, இப்பம் பருப்ப கரண்டியால சிந்தாம எடுத்து ஊத்துறான். நாலும் வேண்டாம், தடிமன் மட்டும் மாறுற ஒரு பலகை போதும் தொடங்க, பக்கத்துல நல்ல கடைசல்காரர் இருந்தா அங்கயே செய்ய சொல்லுங்க.

ஆசாரி மாமாக்க நம்பர் கேட்டு மெசேஜ் போடாதீங்க, அவரு தை மாச கல்யாணத்துக்கு அலமாரி வேலையில முங்கி கெடக்காரு, எனக்க ரெண்டாம் பலகையே இன்னும் பாதியில நிக்குது.